கேம்பிரிட்ஜில் கழி ஊன்றிப் படகு விட

கேம்பிரிட்ஜின் கேம் ஆற்றில் படகோட்டியோடு போனால் முக்கால் மணி நேரம் காலை நீட்டிக்கொண்டு கதை கேட்கலாம். கதைகளில் பாதி கட்டுக்கதை. படகை மட்டும் வாடகைக்கு எடுத்தால் நனைய நேரலாம், ஆனால் ஆறு பிடிபடும். அப்படி எடுப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

இந்தப் படகின் பெயர் பன்ட். அடி தட்டையாக இருக்கும். 24 அடி நீளம், 3 அடி அகலம், சுக்கான் கிடையாது. தள்ளுவது, திருப்புவது எல்லாமே 16 அடிக் கழி ஒன்றை வைத்துத்தான். கேம்பிரிட்ஜில் பின்முனையில் இருக்கும் பலகை மேடைமேல் ஏறி நிற்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மேடையை முன்பக்கம் விட்டு, எதிர்முனையில் படகுக்குள்ளேயே நிற்பார்கள். ஈரமானால் மேடை வழுக்கும். புதியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு முறையில் உள்ளே நிற்பதே நல்லது. பாலத்தில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

கழியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே தூக்கி, படகின் விளிம்பை ஒட்டி நேர்செங்குத்தாக விட வேண்டும். குத்தக் கூடாது, தன் எடையில் தானாக இறங்கட்டும். தரை தட்டியதும் பின்னோக்கி அழுத்தினால் படகு நகரும். கழியின் நுனி கைக்கு வந்ததும் நிறுத்தி, அதை அப்படியே பின்னால் மிதக்க விட்டால் அதுவே சுக்கான். பின்னால் இழுபடும் கழியை வலப்பக்கம் ஒதுக்கினால் படகின் தலை வலப்பக்கம் திரும்பும். அவசரப்பட்டு உடனே அடுத்த ஊன்றலுக்குப் போகிறவர்கள்தான் கரைக்குக் கரை மோதிக்கொண்டே போவார்கள்.

ஆற்றில் விழுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். கழி சேற்றில் சிக்கிக்கொள்கிறது, படகோ முன்னே போகிறது, கை மட்டும் கழியை விட மறுக்கிறது. ஒவ்வொரு முறையும் இழுக்கும் முன் கழியை லேசாகத் திருகினால் சேற்றின் பிடி தளரும். அப்படியும் வராவிட்டால் கழியை விட்டுவிடுங்கள். படகில் ஒரு சிறு துடுப்பு கிடக்கும். அதைப் போட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

கல்லூரிகளின் பின்புறம் ஓடும் பகுதியில் சேற்றுத் தொல்லை குறைவு. அந்தக் காலத்தில் இழுவைக் குதிரைகள் நடக்கக் கரையில் இடம்விடக் கல்லூரிகள் சம்மதிக்கவில்லை. அதனால் ஆற்றுக்குள்ளேயே சரளைப் பாதை போட்டு, குதிரைகளைத் தண்ணீரில் நடக்கவிட்டுப் படகை இழுத்தார்கள். அந்த மேடு இன்னும் அடியில் இருக்கிறது. கழி கடினமாகத் தட்டினால் அதன்மேல் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எப்போதும் வலப்பக்கமாகவே போக வேண்டும். பாலத்துக்கு அடியில் கழியைத் தூக்கினால் மேலே இடிக்கும். முன்கூட்டியே வேகம் எடுத்துக்கொண்டு, கழியைத் தாழ்த்திக் கடந்துவிடுங்கள். தாழ்வான பாலங்களில் மேலிருந்து கழியைப் பிடுங்கும் குறும்பும் நடப்பதுண்டு. குயின்ஸ் கல்லூரியின் மரப் பாலத்தை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார் என்பார்கள். நியூட்டன் இறந்தது 1727இல், பாலம் கட்டியது 1749இல். இப்போது நிற்பது 1905இல் திரும்பக் கட்டியது. இணைப்புகளில் போல்ட்டுகள் தெளிவாகவே தெரியும். கிளேர் பாலம் 1640ஆம் ஆண்டது. அதன் கைப்பிடிச் சுவரில் உள்ள கல் உருண்டைகளில் ஒன்றில் ஒரு துண்டைக் காணோம். அடுத்து வரும் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில்தான் ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' 1976இல் கிடைத்தது.

கிராண்ட்செஸ்டர் கிராமம் வரை போக நினைப்பவர்கள் மில் லேன் பக்கம் மேலாற்றுப் படகு என்று கேட்டு வாங்க வேண்டும்; நடுவில் தடுப்பணை இருக்கிறது. மேலாற்றில் கூட்டம் இல்லை, சேறு அதிகம். போய்வர அரை நாள் ஒதுக்குங்கள். கோடையில் வழியெங்கும் மாடுகள் மேயும். நகரத்துப் பொதுப் புல்வெளிகளிலேயே மாடு மேய்வது இங்கே வழக்கம். அவை ஆற்றில் விழுந்தால் மீட்கவென்றே நகராட்சி 'பிண்டர்' என்று ஆள் வைத்ததுண்டு.

கரையேறிய பிறகு பார்க்க இரண்டு விஷயம். பெனட் தெரு முனையில், 2008இல் வைத்த கார்பஸ் கடிகாரம்: முள் கிடையாது, மேலே ஒரு ராட்சத வெட்டுக்கிளி நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் சரியான நேரம் காட்டும். கைக்கடிகாரத்தை அதைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள். பகலில் கண்ணாடியில் எதிர்த் தெரு பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும்; மாலையில் போங்கள்.

இன்னொன்று டிரம்பிங்டன் தெருவின் இருபுறமும் ஓடும் திறந்த கால்வாய்கள். 1610களில் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர வெட்டிய ஹாப்சன் கால்வாயின் மிச்சம். ஆழமாகவே இருக்கும், மூடியும் கிடையாது. காரை ஓரங்கட்டினால் சக்கரம் இறங்கிவிடும். சைக்கிளில் போனால் இரண்டடி தள்ளியே போங்கள்.