பென்ஸைப் பார்க்க ஸ்டுட்கார்ட் போகாதீர்கள்

ஜெர்மனியில் வீஸ்லோக் ஸ்டேஷனில் இறங்கினால் டாக்ஸி பக்கமே போகாதீர்கள். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கோபம் ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஸ்டேஷன் ஒரு பக்கம், பழைய ஊர் இன்னொரு பக்கம். பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. டாக்ஸிக்காரர் மீட்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மடியில் வைத்திருந்த முதுகுப்பைக்கும் சேர்த்து 25 யூரோ கேட்டார். எதையும் நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. 2,500 ரூபாய்! அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இவ்வளவு அழுது போய்ப் பார்த்தது ஒரு மருந்துக்கடையை. ஆனால் சாதாரணக் கடை இல்லை, உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு, காரைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் கிளம்பினார். கணவரிடம் சொல்லவில்லை. கூட வந்தது 15 வயது ஆய்கன், 13 வயது ரிகார்ட், இரண்டு மகன்கள். வழியில் எரிபொருள் தீர்ந்துபோக, இந்தக் கடையில்தான் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார்கள். கறை நீக்க வைத்திருந்த பெட்ரோலிய வகைத் திரவம் அது. கடைக்கு வெளியே இதன் நினைவாக ஒரு சிற்பம் நிற்கிறது.

நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் வண்டி படுத்தாத பாடு இல்லை. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். இக்னிஷன் ஒயர் உரசித் தேய்ந்ததற்குக் காலுறைப் பட்டையைச் சுற்றினார். கட்டைப் பிரேக் தேய்ந்துபோனதும் பவுஷ்லாட் கிராமத்துச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் கிணறு கண்ட இடமெல்லாம் நிறுத்தம். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ள வேண்டும். திரும்பி வந்ததும் இன்னொரு கியர் வேண்டும் என்றார்கள், கார்லும் சேர்த்தார். இன்றைக்குக் கம்பெனிகள் கோடிகளைக் கொட்டிச் செய்யும் டெஸ்ட் டிரைவை இந்த அம்மா அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் முடித்துவிட்டார்!

பணமும் அவருடையதுதான். கார்லின் அப்பா ரயில் எஞ்சின் டிரைவர், பிள்ளைக்கு இரண்டு வயது ஆவதற்குள் இறந்துவிட்டார். அம்மா கஷ்டப்பட்டுத்தான் கார்ல்ஸ்ரூ பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார். 1871-ல் மன்ஹைமில் ஆகஸ்ட் ரிட்டர் என்பவரோடு சேர்ந்து ஒர்க்‌ஷாப் போட்டார் கார்ல். அந்தக் கூட்டு சரிவரவில்லை. பெர்தா கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்து ரிட்டரின் பங்கை வாங்க வைத்தார். 1872-ல் கல்யாணம். கார்ல் மேதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவரை அவர் போக்கில் விட்டிருந்தால் வண்டி கொட்டகையிலேயே கிடந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, மன்ஹைம். இந்த ஊரின் நடுப்பகுதியில் பெரும்பாலும் தெருப் பெயரே கிடையாது, கட்டம் கட்டமாக எழுத்தும் எண்ணும்தான். பென்ஸின் ஒர்க்‌ஷாப் முகவரி T6, 11. இப்போது அங்கே ஒர்க்‌ஷாப் இல்லை. தேடி அலைந்த எரிச்சலை ஸ்பகெட்டி ஐஸ் தீர்த்தது. வெனிலா ஐஸ்கிரீமை இடியாப்பம் மாதிரி பிழிந்து, மேலே ஸ்ட்ராபெர்ரி சாஸ், வெள்ளைச் சாக்லேட் துருவல். அடியில் ஒளிந்திருந்த க்ரீம் ஐஸில் பட்டு உறைந்து நறுக்கென்று கடிபட்டது. 1969-ல் இதே மன்ஹைமில் தாரியோ ஃபோன்டனெல்லா என்பவர் கண்டுபிடித்தது. பட்ஜெட்டை மறந்து இன்னொன்று வாங்கினேன், வருத்தமே இல்லை.

ஸ்டுட்கார்டில் இருக்கும் மெர்சிடிஸ்-பென்ஸ் மியூசியத்துக்குத்தான் எல்லோரும் போகச் சொல்வார்கள். அது அதே காலத்தில் தனியாகக் கார் செய்த இன்னொருவர், டைம்லர், வேலை செய்த பக்கம். பென்ஸ், டைம்லர் இரண்டு கம்பெனிகளும் இணைந்ததே 1926-ல். டைம்லர் 1900-லேயே இறந்துவிட்டார். நீங்கள் லாடன்புர்க் போங்கள், மன்ஹைமிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். 1903-ல் சொந்தக் கம்பெனியை விட்டு விலகிய கார்ல், மகன்களோடு அங்கே தொடங்கிய தொழிற்சாலைதான் இன்று மியூசியம்.

கார்ல் செய்த முதல் வண்டியின் அசல் ம்யூனிக்கில் இருக்கிறது. இங்கே இருப்பது அதைப் பார்த்துச் செய்தது என்றாலும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கலாம். 1886 ஜனவரி 29-ல் பதிவான பேடன்ட், எண் 37435. ஒரே சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைசக்தி, மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். சீட்டுக்குப் பின்னால் பெரிய சக்கரம் ஒன்று படுத்த வாக்கில் கிடக்கிறது. அதைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நிமிர்த்தி வைத்தால் வண்டியைத் திருப்பும்போது எதிர்த்து இழுக்குமோ என்று பயந்து படுக்க வைத்தாராம். முன்னால் ஒற்றைச் சக்கரம் இருப்பதும் இரண்டு சக்கரங்களை ஒழுங்காகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது பிடிபடாததால்தான். அவர் வீட்டுத் தோட்டத்தில் கோட்டைக் கோபுரம் போல ஒரு கராஜ் கட்டியிருக்கிறார். 1929-ல் அந்த வீட்டில்தான் காலமானார். பெர்தா 95 வயது வரை இருந்தார்.

இந்த மியூசியம் எல்லா நாளும் திறப்பதில்லை, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருந்தால் உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி போன்ற வேகமான தொலைதூர ரயில்களில் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வையுங்கள். ஸ்டேஷன் கழிப்பறைக்கும் காசு, சில்லறை வேண்டும்.