பினாங்கில் ஒரு டி.ஐ. சைக்கிள்

அம்பத்தூரில் வளர்ந்தவர்களுக்கு டி.ஐ. என்ற இரண்டு எழுத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பெயர்தான். எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் யாராவது டி.ஐ. சைக்கிள்ஸில் வேலை பார்த்தார்கள், இல்லாவிட்டால் டன்லப்பில். அப்பாவுக்கு டி.ஐ.யில் பிரேசிங் செக்‌ஷன். பிரேமின் குழாய்களை லக் என்ற மூட்டுக்குள் சொருகி, பித்தளையை உருக்கி உள்ளே ஓடவிட்டு ஒட்டுகிற வேலை. ரிட்டையர் ஆகும்வரை அதே வேலைதான். எங்கள் வீட்டு வாசலில் நின்றதெல்லாம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ.: கறுப்பு பிரேம், செயின் கவர், கேரியர். ரேஸ் சைக்கிளுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்துப் பினாங்கு வந்தேன். சுங்கை ஆராவில் அபார்ட்மென்ட்டில் ஓர் அறை. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் வெற்றிலை முதல் வெந்தயம் வரை எல்லாம் கிடைக்கும். கோயிலுக்குப் போனால் பேச ஆள் இருக்கும். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "தமிழ்நாடாம்மா?" என்பார்கள், பிரியமாக ஊர் பெயர் கேட்பார்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். யாரும் தப்பாக நடத்தவில்லை. இருந்தாலும் தொடர்ந்து பேச ஏதாவது ஒன்று வேண்டுமே. அது எனக்கு ரொம்ப நாள் கிடைக்கவில்லை.

கிடைத்தது லோரோங் கூலிட்டில். ஸ்டேடியத்தை ஒட்டிக் காலையில் கூடும் பழைய சாமான் சந்தை அது. டேபிள் ஃபேன் தேடிப் போயிருந்தேன். ஒரு பெரியவர் பழைய பிரேக் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள்: சிவப்பு, கறுப்பு, மஞ்சள். பிரேமில் டி.ஐ.–ரேலி என்று எழுதியிருந்தது.

"இது என்ன டி.ஐ., அங்கிள்?"

"இங்கிலீஷ்காரன் கம்பெனிம்மா. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்."

"எங்க அப்பா டி.ஐ.யிலதான் இருந்தாரு. அம்பத்தூர்ல. பிரேசிங்."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "பசியாறிட்டியாம்மா? வா, ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பேசலாம்."

அம்பத்தூர் ஆலை 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கியது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960-இல் நாட்டிங்காமின் ரேலி சைக்கிள் கம்பெனியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரேஸ் சைக்கிள்காரர்கள் மந்திரம் மாதிரி உச்சரிக்கும் 531 என்ற எஃகுக் குழாயை 1935-இல் கொண்டுவந்த ரெனால்ட்ஸும் அந்தக் குடும்பம்தான். 1970களில் டி.ஐ.–ரேலி அணி அந்தச் சிவப்பு கறுப்பு மஞ்சள் சைக்கிள்களோடு ஐரோப்பாவைக் கலக்கியது. 1980-இல் யோப் சுட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றதும் அந்த அணிக்காகத்தான். அணியின் பிரேம்களை இல்கெஸ்டன் என்ற சிற்றூரில் ஒரு தனிப் பட்டறை கையால் செய்தது. அப்பாவின் சம்பளச் சீட்டில் இருந்த அதே இரண்டு எழுத்து. இதை அங்கிள் சொல்லச் சொல்ல எனக்குப் பேச்சே வரவில்லை.

அவருடைய சைக்கிள் இல்கெஸ்டனில் செய்தது. பட்டர்வொர்த் விமானத் தளம் 1988-இல் மலேசிய விமானப்படையிடம் கைமாறியபோது ஊருக்குக் கிளம்பிய ஓர் ஆஸ்திரேலியரிடம் வாங்கினாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நண்பர்களும் தஞ்சோங் பூங்கா பக்கம் கூடுவார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் உண்டு. நானும் போக ஆரம்பித்தேன். அங்கே பெயரைப் படித்துச் சைக்கிளை அடையாளம் சொன்னால் மதிப்பில்லை. தூரத்தில் வரும்போதே சொல்ல வேண்டும். வெளிர்ப்பச்சையும் நீலமும் கலந்த அந்த 'செலெஸ்தே' நிறம் என்றால் பியாங்கி. 1885-இல் மிலானில் பிறந்த கம்பெனி, 1949-இலும் 1952-இலும் ஃபவுஸ்தோ கோப்பி டூர் வென்றது அதன் மேல்தான். வெள்ளை பிரேமில் கறுப்புச் சதுரங்கக் கட்டம் என்றால் பெஷோ. சீட்டாட்ட கிளாவர் இலை கொல்நாகோ. 1970-இல் மிக்கேலே தான்செல்லி மிலான்–சான்ரெமோ போட்டியை வென்ற பிறகு அந்த இலை வந்தது. பின்பக்கக் குழாய்கள் பாம்பு மாதிரி நெளிந்து இறங்கினால் அது லண்டன் ஹெட்சின்ஸ், வேறு எதுவும் இல்லை.

ஆனால் பெயின்ட்டை நம்பாதே என்பது அங்கிளின் முதல் பாடம். யார் வேண்டுமானாலும் எந்த நிறமும் அடிக்கலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம். லக்கின் ஓரத்தைப் பார், ஃபோர்க்கின் தலையைப் பார், பின் சக்கரம் உட்காரும் பட்டையில் என்ன முத்திரை என்று பார், கடைசியில் கவிழ்த்துப் போட்டு அடிவயிற்றைப் பார் என்பார்.

அதை நேராகக் கற்றுக்கொண்டது நான் ஒரு பிரேம் வாங்கிய அன்று. அதே சந்தையில், மட்டமான நீலப் பெயின்ட் அடித்து, பெயரில்லாமல் கிடந்தது. அங்கிள் சீட் கம்பியை உருவி வெர்னியர் வைத்தார். 26.4 மி.மீ. நல்ல இங்கிலீஷ், இத்தாலியப் பிரேம் என்றால் பெரும்பாலும் 27.2 வரும், மெட்ரிக் அளவில் இழுத்த 531 குழாய்க்குத்தான் 26.4. அடுத்து பெடல் அச்சின் கப். எங்கள் அம்பத்தூர் சைக்கிளில் செயின் பக்கத்துக் கப்பின் மரை இடப்புரி, இதில் இரண்டு பக்கமும் வலப்புரி. விட்டம் 35 மி.மீ. இத்தாலியிலும் இரண்டும் வலப்புரிதான், ஆனால் 36 மி.மீ. அப்போது பிரெஞ்சு. லக்குகள் ஓரம் சுருள் சுருளாக வெட்டிய நெர்வெக்ஸ் வகை. ஒரு மூலையில் நீலத்தைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை தெரிந்தது.

"பெஷோ பி.எக்ஸ்.10-ம்மா," என்றார். கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு நான் இந்த ஊரில் இருக்கிறேன் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பழைய சைக்கிளுக்குப் பினாங்கு கடினமான ஊர். கடல் காற்றும் ஈரமும் குழாயை உள்ளிருந்து தின்னும். சீட் கம்பி ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஓடவிட வேண்டும். புரூக்ஸ் தோல் சீட்டில் மழை மாதங்களில் பூஞ்சணம் பூத்துவிடும்; பிளாஸ்டிக் உறை போட்டால் இன்னும் மோசம், துடைத்து நிழலில் காற்றாட விடுவதே வழி. தெலுக் பாஹாங் தாண்டி பாலிக் பூலாவ் போகும் ஏற்றத்தில், குழாயின் மேல் இருக்கும் கியர் நெம்புகோலுக்குக் கையை இறக்கி, 'டிக்' சத்தம் எதுவும் இல்லாமல் செயின் எங்கே உட்காருகிறது என்று காதால் அறிந்து மாற்ற வேண்டும். டுரியான் கடைகள் வரும்வரை மூச்சு திரும்பாது. இந்தத் தீவில் இதைவிட அழகான சாலையை நான் பார்க்கவில்லை.

ஒருநாள் டயர் மாற்றும்போது அங்கிள் தன் கதையைச் சொன்னார். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர். அம்மா, அப்பா இருவரும் பால்மரம் வெட்டினார்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாரிடம் மட்டும்தான் ரேலி சைக்கிள்; அவர் அதை நிழலில்தான் நிறுத்துவாராம். "நாங்க வெட்டின பாலுதான் அந்த டயருன்னு எங்கப்பா சொல்வாரு," என்றார். அது சரியாகக்கூட இருக்கலாம். காற்று அடைத்த டயரை 1888-இல் கொண்டுவந்த டன்லப்பின் பெயரைத் தாங்கிய கம்பெனிக்கு மலாயாவில் சொந்த ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அதே பெயரின் இந்திய ஆலைகளில் ஒன்று எங்கள் அம்பத்தூரில் இருந்தது. ஐரோப்பியப் பந்தயச் சைக்கிளின் பெருமையை எழுதுகிறவர்கள் எஃகையும் வெற்றிகளையும் எழுதுகிறார்கள். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் இருந்த தமிழ்க் கூலிகளையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன். லயத்திலிருந்து வந்த ஒருவர் இன்றைக்கு இல்கெஸ்டன் பிரேம் ஓட்டுவது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

அப்பாவையும் அங்கிளையும் வீடியோ காலில் பேசவைத்தேன். இரண்டு நிமிட நலம் விசாரிப்புக்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. "லக் ஓரத்துல கோடு எவ்வளவு மெலிசா இருக்கு, காட்டுங்க," என்றார் அப்பா. அங்கிளின் பிரேம் ரெனால்ட்ஸ் 753. சூட்டில் பதப்படுத்திய மெல்லிய குழாய். பித்தளை உருகும் சூட்டை அது தாங்காது, வெள்ளிப் பற்றுதான் வைக்க வேண்டும். மாதிரி ஒட்டிக் காட்டித் தேறிய பட்டறைகளுக்கு மட்டுமே ரெனால்ட்ஸ் அந்தக் குழாயைக் கொடுத்தது. அப்பா ஆயுசு முழுக்கப் பித்தளையில் ஒட்டியவர். "அடியில நம்பர் பாருங்க," என்றார். அங்கிள் கவிழ்த்து டார்ச் அடித்தார். இல்கெஸ்டன் பட்டறைக்கே உரிய எஸ்.பி. என்ற எழுத்துகளில் தொடங்கியது. "நல்ல கை. சிந்தவே இல்ல," என்று அப்பா சொன்னபோது, தன் பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்தவரைச் சொல்வது மாதிரி இருந்தது.

என் பெஷோவின் பின் பட்டையில் ஒரு விரிசல் இருக்கிறது. அது பித்தளை வேலை. இங்கேயே ஆள் இருந்தும் அங்கிள் கொடுக்க மறுத்துவிட்டார்: "உங்கப்பா தைப்பூசத்துக்கு வர்றாருல்ல, அவரே ஒட்டட்டும்." அப்பா ராடு, ஃப்ளக்ஸ் என்று பட்டியல் அனுப்பிவிட்டார். எல்லாம் பட்டர்வொர்த்தில் கிடைக்குமாம். சனிக்கிழமை ஃபெரி ஏறப் போகிறோம்.