ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பத்து வருஷம்

எஃப்டி-817என்டி என்ற யேசூ கம்பெனி ஹாம் ரேடியோ செட் ஒன்றைப் பழசாக வாங்குவதற்காகப் போன மாதம் திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் போய் வெறுங்கையோடு திரும்பினேன். போகவர பஸ்ஸிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல். இத்தனைக்கும் கிளம்பும் முன்பே சீரியல் நம்பரை வாங்கி, தேதியைக் கணக்குப் போட்டு, "2015 செட், 38,000 ரூபாய் கொடுக்கலாம்" என்று முடிவு கட்டியிருந்தேன். எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

விற்பவர் ஓய்வுபெற்ற மூத்த ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். இரண்டு பேரிடமும் லைசென்ஸ் இருக்கிறது, அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் போனிலேயே ஆரம்பித்தது. நம்பர் சொல்லுங்கள் சார் என்றேன். "ஃபைவ் ஈ" என்றார். எனக்கு "ஃபைவ் டி" என்று கேட்டது. திரும்பச் சொன்னபோது "ஃபைவ் ஜி" என்று கேட்டது. ரேடியோவில் பேசும்போது எழுத்து குழம்பாமல் இருக்க ஈ-க்கு எக்கோ, டி-க்கு டெல்டா, சி-க்கு சார்லி என்று சொல்லியே பழகிய இரண்டு பேர், செல்போனைக் காதில் வைத்ததும் அதை மறந்துவிட்டோம். கடைசியில் அவரே சிரித்துவிட்டு, "எக்கோ தம்பி, எக்கோ" என்றார். வாட்ஸ்அப்பில் போட்டோவும் வந்தது. நம்பர் மட்டும் பெரிசாகத் தெரிகிற மாதிரி, கிட்டத்தில் வைத்து எடுத்த போட்டோ. அதைப் பார்த்து சந்தோஷப்பட்டதுதான் என் முதல் முட்டாள்தனம்.

யேசூ செட்களில் சீரியலின் முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம். அடுத்த எழுத்து மாதம். அப்புறம் இரண்டு எண்கள் எந்த லாட், அதாவது எந்தத் தொகுதி என்பதற்கு, கடைசி நாலும் அந்த லாட்டில் எத்தனையாவது செட் என்பதற்கு. மாதத்தை ஏ-யிலிருந்து எண்ணிவிடாதீர்கள். நான் அப்படித்தான் எண்ணி, எக்கோ என்றால் மே என்று குறித்து வைத்தேன். அவர்கள் கணக்கு சார்லியில் தொடங்குகிறது. சார்லி ஜனவரி, டெல்டா பிப்ரவரி, எக்கோ மார்ச். இப்படியே வரிசையாகப் போய், நவம்பர் என்று நாம் சொல்கிற எழுத்து டிசம்பர் மாதத்தில் முடியும். இதைவிடக் குழப்ப முடியாது.

மாதம் இரண்டு தள்ளிப்போனால் குடிமுழுகிப் போகாது. காலை வாரியது வருஷம்தான். 817என்டி 2004-இல் வந்த மாடல். 2018-இல் 818 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அதாவது பதினாலு வருஷம் ஓடிய மாடலுக்கு வருஷத்தைச் சொல்ல ஒரே ஒரு இலக்கம். 0, 1, 2, 3, 9 என்று தொடங்கினால் சந்தேகம் இல்லை, ஒரே ஒரு வருஷம்தான் பொருந்தும். 4 முதல் 8 வரை எதில் தொடங்கினாலும் இரண்டு வருஷம் பொருந்தும். என்னுடையது 5. விற்பவர் 2015 என்றார், நானும் 2015 என்றே படித்தேன். 2005 என்று ஒரு வருஷம் இருந்ததே நினைவுக்கு வரவில்லை.

அவர் வீட்டில் காபி, முறுக்கு எல்லாம் ஆன பிறகு செட்டை மேஜைமேல் வைத்தார். ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுகிற டம்மி லோடில் போட்டுப் பார்த்தோம், மீட்டரில் 5 வாட் வந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். லேபிளின் ஒரு பாதியை மறைத்து அவருடைய கால்சைன், அதாவது ரேடியோவில் அவரை அடையாளம் காட்டும் குறியீடு போட்ட ஸ்டிக்கர். ஓரம் அழுக்கேறி, பசை கருத்துப்போயிருந்தது. "கொஞ்சம் உரிச்சுப் பாக்கலாங்களா சார்?" என்று கேட்டேன். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி என்றார். நகத்தால் மெல்ல நெம்பினேன். ஸ்டிக்கர் பாதியாகக் கிழிந்து வந்தது. அடியில் வெர்டெக்ஸ் ஸ்டாண்டர்ட் என்று கம்பெனி பெயர்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. யேசூ கம்பெனி 2000-இல் வெர்டெக்ஸ் ஸ்டாண்டர்ட் என்று பெயர் மாறியது. 2012 ஜனவரியில் ஹாம் ரேடியோ பிரிவு தனியாகப் பிரிந்து, மறுபடி யேசூ மியூசென் ஆனது. 2015-இல் செய்த செட்டில் வெர்டெக்ஸ் பெயர் இருக்க வழியில்லை. மேனுவலைக் கேட்டேன். அதன் பின் அட்டையில் அச்சான வருஷமும் மாதமும் நாலு இலக்கமாக ஒரு மூலையில் இருக்கும். அவர் வைத்திருந்ததோ ஜெராக்ஸ், பின் அட்டையே இல்லை.

"2016-ல கைமாத்தி வாங்கினதுங்க தம்பி. ஒரு வருஷம் பழசுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. அவரையும் யாரோ இதே 5-ஐக் காட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் விலையைக் குறைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. 2005 செட் என்றால் மோசம் என்று சொல்லமாட்டேன், நன்றாகவே வேலை செய்தது. 2015 விலைக்கு அதை வாங்க முடியாது, அவ்வளவுதான். கிளம்பிவிட்டேன். முழு லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் பஸ் காசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கணக்கை வேறு கம்பெனி செட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பன், "போன வருஷத்துச் சரக்கு" என்று டீலர் கொடுத்ததாக மோட்டோரோலா ஜிபி328 வாக்கி-டாக்கி ஒன்றைக் கொண்டுவந்தான். பாடி பளபளவென்று இருந்தது. மோட்டோரோலாவில் மூன்று எண், மூன்று எழுத்து, நாலு எண். எழுத்துகளில் முதலாவது தொழிற்சாலை, இரண்டாவது வருஷம், மூன்றாவது மாதத்தில் எந்தப் பாதி என்பது. ஐ, ஓ இரண்டும் கிடையாது. மிச்சம் 24 எழுத்து, மாதத்துக்கு இரண்டு. வருஷத்துக்கு ஆல்ஃபா 2000, அப்படியே எண்ணினால் ஹோட்டல் 2007, ஐ-க்கான இந்தியாவைத் தாண்டி ஜூலியட் 2008. நண்பன் செட்டில் இருந்தது ஹோட்டல், கியூபெக், அதாவது ஹெச், க்யூ. 2007 ஆகஸ்ட் முதல் பாதி. லேபிளையே மாற்றியிருப்பார்களோ என்று புரோகிராமிங் கேபிளில் போட்டுப் படித்தோம். உள்ளே பதிந்திருந்ததும் அதே நம்பர்தான். பழைய செட்டுக்குப் புதுச் சட்டை. நண்பன் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பினான். டீலர் மறுபேச்சு பேசவில்லையாம்.

மூன்று வாரம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து போன். திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், 27,000-க்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். மண்டப வாசலில், பந்திக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே, மஞ்சப்பையிலிருந்து செட்டை எடுத்தார். ஸ்டிக்கரின் மிச்சத்தையும் சுரண்டி, லேபிளைப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார். "ஃபைவ் எக்கோ. ரெண்டாயிரத்தஞ்சு மார்ச். சரிங்களா தம்பி?"