அண்ணன் டூட்டியில் இருக்கிறார்

பிரிட்டனுக்குக் குடிவந்து 12 மாதம் முடிந்த அன்று நள்ளிரவோடு எனக்குக் கார் ஓட்டத் தெரியாமல் போய்விட்டது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் எம்25 மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில், லாரிகளுக்கு நடுவே, தனி ஆளாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவன் நான். விடிந்தால் அதே கார், அதே கை கால், ஆனால் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' அட்டை ஒட்டி, பக்கத்தில் விவரமான ஆள் ஒருத்தர் உட்கார்ந்தால்தான் தெருமுனை வரைக்கும்கூடப் போகலாம். மோட்டார்வே பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. போயே ஆகவேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரோடு, அவர் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த காரில்தான். 2018 ஜூனுக்கு முன்னால் எல் அட்டைக்காரர்களுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது என்றார்கள், சரி, நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இங்கே குடியேறிய நாளிலிருந்து ஒரு வருஷம் இந்திய லைசென்ஸை வைத்துத் தாராளமாக ஓட்டலாம், அதற்குள் இந்த நாட்டு லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். நமக்கு 'மாற்றிக்கொள்வது' என்ற பேச்சே இல்லை, முதலிலிருந்து எழுதி, ஓட்டிக் காட்டி, பாஸ் ஆகவேண்டும். மாற்றித் தருவதற்கென்று ஒரு நாடுகள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், தென் கொரியா, தென்னாப்பிரிக்கா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அதில் உண்டு. ஜிம்பாப்வே உண்டு. மொனாக்கோ உண்டு, அந்த நாட்டையே ஒரு மத்தியானத்தில் நடந்து முடித்துவிடலாம், ஆனால் அவர்கள் லைசென்ஸ் செல்லும். பென்குவின்கள் வாழும் ஃபாக்லாந்து தீவுகளும் உண்டு. இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. நம் ஊர் டிராஃபிக்கில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவனுக்குத் தனியாக ஒரு பட்டியலே போடலாம், போடவில்லை.

எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு சிங்கப்பூர்த் தமிழர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், தெருவில் இருக்கும் தமிழர்கள் அத்தனை பேருக்கும் அண்ணன். வாலிப வயதில் அங்கே லைசென்ஸ் எடுத்ததோடு சரி, அதன்பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. அந்த ஊரில் கார் வாங்குவதற்கு முன்னால் அதை வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், அதற்கே இன்னொரு கார் விலை ஆகும், யார் வாங்குவார்? எம்ஆர்டி ரயிலிலேயே காலத்தை ஓட்டியவர் இங்கே வந்ததும் படிவத்தை நிரப்பி, 43 பவுண்ட் கட்டி, சிங்கப்பூர் லைசென்ஸை, லைசென்ஸ் அலுவலகம் இருக்கும் ஸ்வான்சீக்குத் தபாலில் அனுப்பினார். பிரிட்டிஷ் லைசென்ஸ் தபாலிலேயே வந்து சேர்ந்தது. அது நடந்து பல வருஷம் ஆகிறது. "பரீட்சை எல்லாம் இல்லையாண்ணே?" என்று கேட்டேன். "தபால் பெட்டி வரைக்கும் நடந்தேன் தம்பி, அதுதான் பரீட்சை" என்றார்.

இப்போது சட்டத்தின் அழகைப் பாருங்கள். எல் அட்டைக்காரன் பக்கத்தில் உட்காருபவர் 21 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், முழு லைசென்ஸ் மூன்று வருஷமாவது கையில் இருந்திருக்க வேண்டும். கடைசியாக எப்போது ஓட்டினார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தத் தகுதி யாருக்கும் இல்லை, தெருவில் அந்தத் தகுதியும் ஓய்வு நேரமும் சேர்ந்து இருந்தவர் அண்ணன் ஒருத்தர்தான். ஆக, எனக்கு மேற்பார்வை அண்ணன்!

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்து நேராக உட்கார்ந்து, "ம், எடு" என்றார், கப்பல் கிளம்புவதுபோல.

ஒரு சந்திப்பில், இடதுபக்கம் வேலி மறைத்தது. "அண்ணே, அந்தப் பக்கம் ஏதாவது வருதான்னு பாருங்க" என்றேன்.

"நான் பாக்கலாமா? அது ஓட்டுறவர் வேலை இல்ல?"

"மேற்பார்வைதானே அண்ணே நீங்க."

"உன்னத்தான் தம்பி நான் பாக்கணும். ரோட்ட நீ பாரு."

பாதி வழியில் அவருடைய போன் அடித்தது. மேற்பார்வை பார்ப்பவரும் ஓட்டுபவர் மாதிரிதான், போனைக் கையில் எடுக்கக்கூடாது, குடித்திருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, அதை நான்தான் பெருமையாக அவருக்குச் சொல்லியிருந்தேன். போன் நின்றது, மறுபடி அடித்தது, நின்றது, அடித்தது. அண்ணன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீடு வந்து சேர்ந்தால் வாசலில் அண்ணி. "ஒரு மணி நேரமா அடிக்கிறேன், என்னமோ ஏதோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்." அண்ணன் நிதானமாகக் கதவைத் திறந்து இறங்கி, "டூட்டில இருந்தேன்" என்றார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

தியரி பரீட்சையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எல் அட்டைக்காரர்களுக்கான புரொவிஷனல் லைசென்ஸுக்கு ஆன்லைனில் 34 பவுண்ட், தியரிக்கு 23. ஐம்பது கேள்வி, 57 நிமிஷம், 43 சரியாக இருந்தால் பாஸ். 2014 ஏப்ரல் வரைக்கும் கேள்விகளைத் தமிழில் காதில் கேட்டு எழுதும் வசதிகூட இருந்தது, இப்போது இங்கிலீஷும் வெல்ஷும் மட்டும்தான். படிக்கிறபோது குதிரைகளைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குதிரையைத் தாண்டும்போது 10 மைல் வேகத்துக்குள், இரண்டு மீட்டராவது இடம் விட்டுப் போகவேண்டும், ஹார்ன் அடிக்கக்கூடாது, இஞ்சினை உறுமவிடக்கூடாது. குதிரைக்கு இங்கே இருக்கும் மரியாதை எல் அட்டைக்காரனுக்கு இல்லை.

அதிலேயே இரண்டாம் பகுதிதான் வம்பு. பதினான்கு வீடியோ ஓடும், சாலையில் ஏதாவது ஆபத்து உருவாகும்போது மவுஸை அழுத்தவேண்டும். உருவாகும்போது! உருவாவதற்கு முன்னால் அழுத்தினால் பூஜ்யம், கண்டபடி அழுத்தினாலும் அந்த வீடியோவுக்கு மொத்தமாகப் பூஜ்யம். நம் கண்ணுக்கு எது ஆபத்து இல்லை சொல்லுங்கள். ஓரமாக நிற்கும் வேன், அதற்குப் பின்னாலிருந்து யாராவது ஓடிவருவார்கள், அழுத்து. நடைபாதையில் கிழவர், எந்த நேரமும் இறங்கிவிடுவார், அழுத்து. காலியான சாலையா? இவ்வளவு காலியாக இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அழுத்து. நான் வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து, "ஏங்க, கொசு அடிக்கிறீங்களா?" என்று குரல் வந்தது. கடைசியில் ஆபத்தைப் பார்த்ததும் மூச்சை இழுத்துப் பிடித்து, மனதுக்குள் 'இருடா, இன்னும் வளரட்டும்' என்று சொல்லி, அப்புறம் அழுத்தப் பழகினேன். 75-க்கு 44 எடுத்தால் போதும், தேறிவிட்டேன்.

செய்முறைத் தேர்வுக்குத் தேதி கிடைப்பதற்குள் தாடி நரைத்துவிடும் என்பார்கள், அது கிட்டத்தட்ட உண்மைதான். அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது, ஆகவே நேராகப் பயிற்சியாளரிடம் போகிறேன். காரின் முன்கண்ணாடியில், அங்கீகாரத்துக்கு அடையாளமான பச்சை எண்கோண பேட்ஜ் ஒட்டிய, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். முதல் பாடத்தில் முக்கால் மணி நேரம் என்னை ஓட்டவிட்டு வாயே திறக்கவில்லை. நானும் என் வித்தை எல்லாவற்றையும் காட்டினேன், ஒற்றைக் கையால் திருப்பினேன், இடைவெளியில் சர்ரென்று நுழைந்தேன். ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"நன்றாக ஓட்டுகிறீர்கள். இப்படி ஓட்டினால் தேர்வில் தேறமாட்டீர்கள்."

ஏன் என்றேன். கண்ணாடி பார்க்கவில்லை என்றார். பார்த்தேனே என்றேன். "நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாவிட்டால் தேர்வாளருக்கும் தெரியாது." நம் கண் ஓரத்தில் சட்டென்று ஓடித் திரும்பிவிடும், பதினைந்து வருஷப் பழக்கம் அப்படி. இங்கே கழுத்து ஆடவேண்டும். வண்டி எடுக்குமுன் இடது தோள், உள்கண்ணாடி, வலது கண்ணாடி, வலது தோள் என்று ஒரு சுற்று, திரும்புமுன் ஒரு சுற்று, வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு சுற்று. ஒரு வாரத்தில் கழுத்துக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் என் வலது கையைக் காட்டி, "உங்கள் கட்டைவிரல் ஏன் எப்போதும் அங்கேயே இருக்கிறது?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். ஸ்டீயரிங் நடுவில், ஹார்ன் மேல், தயார் நிலையில் இருந்தது. நான் வைத்ததாக நினைவே இல்லை, அதுவே போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த நாட்டில் நாம் இருப்பதை மற்றவர்களுக்கு எச்சரிக்க மட்டும்தான் ஹார்ன். வீடுகள் இருக்கும் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிக்கவே கூடாது. நின்றுகொண்டிருக்கும்போது அடிப்பதும் கூடாது, ஆபத்து ஏதும் வந்தால் தவிர. அன்று முதல் ஒவ்வொரு பாடத்திலும் அவர் என் கட்டைவிரலைத்தான் கவனித்தார். நகர்ந்தால் "தம்ப்" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

ஹார்னையாவது மறக்கலாம், ஹெட்லைட் விஷயம் ரத்தத்தில் ஊறியது. நம் ஊரில் எதிரில் வருபவன் லைட்டை அடித்தால் 'நான் வந்துகொண்டிருக்கிறேன், ஒதுங்கு'. இங்கே சட்டப் புத்தகத்தில் 'நான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே அடிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் சாலையில் அத்தனை பேரும் 'நீங்க போங்க' என்று சொல்லத்தான் அடிக்கிறார்கள். தேர்வு நாளில் இது வந்து நின்றது.

அன்று இருபது மீட்டர் தள்ளி ஒரு நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்டி, பிரேக் எப்படிச் சோதிப்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, கழுத்தை ஆட்டி ஆட்டிக் கிளம்பினேன். தேர்வாளர் அம்மா மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். சின்னத் தவறுகள் 15 வரை மன்னிப்பு, பெரியது ஒன்று வந்தால் கதை முடிந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும் குறுகிய தெரு, எதிரில் வெள்ளை வேன். வேன்காரர் நின்று லைட்டை அடித்தார். என் கால் தானாகப் பிரேக்கில் போய், ஓரமாக ஒதுங்கிவிட்டேன். அவர் மறுபடி அடித்தார். என்ன அவசரமோ பாவம் என்று இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பெரியவர்களை உட்காரச் சொல்வதுபோல, போங்க போங்க என்று காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. டேப்லெட்டில் ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. தயங்கினாலும் இங்கே தவறு, மெதுவாகப் போனாலும் தவறு.

வழிகாட்டும் கருவியான சாட்நாவ் சொன்ன வழியில் கொஞ்ச தூரம் போனபிறகு அந்த அம்மா தொண்டையைச் செருமினார். ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு செயலைச் செய்து காட்டச் சொல்வார்கள், பின்கண்ணாடியின் பனியை நீக்குவது, கண்ணாடிக்குத் தண்ணீர் அடிப்பது, ஜன்னலை ஏற்றி இறக்குவது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஏழெட்டில் எது வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பாதுகாப்பாக இருக்கும்போது, ஹார்னை எப்படி அடிப்பீர்கள் என்று காட்டுங்கள்."

எத்தனை மாதமாக அடக்கி வைத்த கட்டைவிரல்! ஒரு நொடி அது நம்பவில்லை, தூண்டில் என்று நினைத்தது. சாலை காலி, நடைபாதையில் ஒரு பாட்டியும் நாயும் மட்டும். அடித்தேன். நம் ஊர் பாணியில் 'பாம் பாம் பாஆம்' என்று தன்னால் வந்துவிட்டது. பாட்டி துள்ளித் திரும்பினார், நாய் குரைத்தது. தேர்வாளர் முகத்தில் சலனமே இல்லை, "நன்றி, ஒரு முறை போதும்" என்றார்.

பாஸ். எப்படி என்று கேட்காதீர்கள், கழுத்துதான் காப்பாற்றியது.

சந்தோஷத்தில் அன்றே இன்சூரன்ஸ் புதுப்பிக்க உட்கார்ந்தேன். முழு லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டது. தேர்வு செய்ய இருந்ததில் எனக்குப் பொருந்தியது 'ஒரு வருஷத்துக்கும் குறைவு' மட்டும்தான். பதினெட்டு வயதுப் பையன்கள் கட்டும் தொகையின் உறவுக்காரத் தொகை ஒன்று திரையில் வந்தது. போதாக்குறைக்கு, புதிதாகத் தேறியவர்கள் முதல் இரண்டு வருஷத்துக்குள் ஆறு பாயிண்ட் அபராதம் வாங்கினால் லைசென்ஸ் போய், மறுபடி எல் அட்டைதான். அட்டையை எதற்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார், கைகொடுத்தார், தன் மாணவன் தேறிய பெருமை முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் கத்துக்குடேன்" என்றார்.

"அப்போ உங்களுக்கும் எல் அட்டை ஒட்டணுமா அண்ணே?"

"எனக்கு எதுக்கு? என்கிட்டதான் முழு லைசென்ஸ் இருக்கே."

சட்டப்படி அவர் சொல்வது சரி. பக்கத்தில் ஆள்கூடத் தேவையில்லை, தனியாகவே மோட்டார்வேயில் போகலாம். அவருக்கும் சேர்த்து ஒரு நாள் இன்சூரன்ஸ் போட்டு, காலியான கார் பார்க் ஒன்றில் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கால் எதையும் தொடவில்லை, கியரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி முதல் சந்தேகத்தைக் கேட்டார்:

"தம்பி, இதுல ஹார்ன் எங்க இருக்கு?"