நார்மனில் வானிலையியல்: படிப்பு எங்கே இடறுகிறது

டொர்னாடோவைத் துரத்தும் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வானிலையியல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. பல்கலைக்கழகம் இருக்கும் நார்மன் ஊரும் அதற்குத் தோதானதுதான். நார்மனில் 2006இல் திறந்த தேசிய வானிலை மையக் கட்டடத்தில் துறையின் வகுப்பறைகள் இருக்கின்றன. அமெரிக்கா முழுவதற்கும் டொர்னாடோ அபாயத்தைக் கணிக்கும் புயல் கணிப்பு மையமும், உள்ளூர் வானிலை அலுவலகமும் அதே கூரையின் கீழ்தான். முதல் வெற்றிகரமான டொர்னாடோ முன்னறிவிப்பு 1948 மார்ச் 25 அன்று வெளியானது பக்கத்திலிருக்கும் டிங்கர் விமானப்படைத் தளத்தில். ஐந்து நாள் முன்புதான் அதே தளத்தை இன்னொரு டொர்னாடோ புரட்டிப் போட்டிருந்தது. மாநிலத்தின் 77 கவுண்டிகளிலும் மெசோநெட் என்ற தானியங்கி வானிலை வலையமைப்பின் நிலையம் குறைந்தது ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடு வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் மேகத்தைவிடக் கணக்குதான் அதிகம் கண்ணில் படும். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையீடு போட்டுப் பழகிய கைக்கு முதல் கால்குலஸ் சுலபம். பல மாறிகள் வரும் கால்குலஸிலும் வகைக்கெழுச் சமன்பாடுகளிலும்தான் இடறல் தொடங்குகிறது. இவை முடிந்தால்தான் வளிமண்டல இயக்கவியலில் உட்கார முடியும்; சுழலும் பூமியின் மேல் காற்றுக்கு இயக்கச் சமன்பாடு எழுதுவதே அந்தப் பாடம். ஒரு பருவத்தில் கணக்கு தவறினால் பின்னால் இருக்கும் பாடங்கள் வரிசையாகத் தள்ளிப்போகும். ஆகவே முதல் பருவத்திலேயே கணக்கை எடுத்துவிடுங்கள், பொதுப்பாடங்கள் காத்திருக்கட்டும்.

அமெரிக்க அரசின் வானிலையாளர் பணித்தகுதியும் இதையேதான் கேட்கிறது: வானிலைப் பாடங்களில் 24 கிரெடிட், அதற்குள் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் சேர்ந்து 6, வானிலை அமைப்புகளை ஆராய்ந்து கணிப்பதில் 6, வளிமண்டல இயற்பியல் 3, தொலையுணர்வில் அல்லது அளவீட்டுக் கருவிகளில் 2. அந்த வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும் என்பதை இங்கிருந்து போகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அவர்களுக்கு எஞ்சும் வழி பெரும்பாலும் ஆராய்ச்சியும் தனியார் துறையும்தான்.

படிப்பின் இதயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஸ்கியூ-டி வரைபடம். பலூன் அளந்த வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் (காற்றிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) அழுத்தத்துக்கு எதிராகக் குறிக்கும் தாள். வெப்பநிலைக் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். உலர்ந்த காற்று மேலேறும்போது குளிரும் பாதைகள் இடப்பக்கம் வளைந்து போகும். புதியவர்கள் குழம்புவது இந்த இரண்டில்தான். வெவ்வேறு வண்ணப் பென்சிலால் ஒருமுறை தடவிவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தரையில் அழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 30 டிகிரி, பனிப்புள்ளி 20. முப்பதிலிருந்து உலர் பாதையைப் பிடித்து மேலே போங்கள். இருபதிலிருந்து கலவை விகிதக் கோட்டை, அதாவது ஒரு கிலோ உலர்ந்த காற்றோடு எத்தனை கிராம் நீராவி என்று காட்டும் கோட்டை, பிடித்துப் போங்கள். அது கிலோவுக்கு ஏறக்குறைய 15 கிராம் கோடு. இரண்டும் முட்டும் இடம் சுமார் 865 ஹெக்டோபாஸ்கல். மேகத்தின் அடிப்பகுதி அங்கே. சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வரும். பத்து டிகிரிக்கு 1250 மீட்டர். கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் குளிர்ந்த காற்று அங்கே 17.8 டிகிரியில் இருக்கும். வரைபடத்தில் உங்களுக்கு 12 டிகிரி வந்தால் கோடு மாறிவிட்டது என்று பொருள்.

அதற்கு மேல் ஈரப் பாதை: நீராவி நீராகும்போது வெப்பம் வெளிவருவதால் காற்று மெதுவாகக் குளிரும் பாதை. அந்தப் பாதை சுற்றுக்காற்றின் வெப்பநிலைக்கு வலப்புறம் இருக்கும் பரப்பே கேப் (CAPE), அதாவது மேலெழும் காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல். கிலோவுக்கு 2000 ஜூல் என்றால் அதன் இருமடங்கின் வர்க்கமூலம், நொடிக்கு 63 மீட்டர் வேகம். நிஜத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். வறண்ட காற்று உள்ளே கலப்பதும் மழைநீரின் சுமையும் மீதியைத் தின்றுவிடும்.

ஓக்லஹோமாவில் இதைவிட முக்கியம் மூடி. மெக்சிகோ மேட்டுநிலத்தில் காய்ந்த காற்று வந்து மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றுக்கு மேல் சூடாகப் படர்ந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த மூடிக்கு cap என்று பெயர். தமிழில் எழுதினால் CAPE, cap இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால் மூடி என்றே வைத்துக்கொள்வோம். ஆற்றல் மலைபோல் இருந்தும் மூடி உடையாவிட்டால் மாலைவரை வெயில்தான். காலைப் பலூன் தரவை அப்படியே எடுத்து “ஆற்றல் பூஜ்யம், இன்று ஒன்றும் இல்லை” என்று எழுதுவது வகுப்பில் அடிக்கடி நடக்கும் தவறு. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். பிற்பகலில் எதிர்பார்க்கும் வெப்பநிலையைப் போட்டு, தரையை ஒட்டிய 100 ஹெக்டோபாஸ்கல் படலத்தின் சராசரியிலிருந்து மறுபடி வரைய வேண்டும்.

காற்றுத் திசையில் நமக்கு ஒரு வசதி. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. வானிலையியலும் காற்று வரும் திசையைத்தான் சொல்கிறது. கணினியில் காற்றைக் கிழக்கு, வடக்கு என்று பிரித்து எழுதும் கூறுகளோ போகும் திசைக்கானவை. அதனால்தான் வேகத்தைச் சைனாலும் கொசைனாலும் பெருக்கும்போது முன்னால் மைனஸ் போடுகிறோம். 225 டிகிரி (தென்மேற்கு), நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் கிழக்குக் கூறும் வடக்குக் கூறும் தலா கூட்டல் 14.1. மைனஸ் வந்தால் குறியை மறந்திருக்கிறீர்கள். தாறுமாறான எண் வந்தால் டிகிரியை ரேடியனாக்க மறந்திருக்கிறீர்கள்.

வானிலைத் தரவைப் படிக்கப் பைத்தான் மொழியில் நிரல் எழுதும்போது சத்தமில்லாமல் கெடுக்கும் பிழை ஒன்று. ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க உலகளாவிய கணிப்பு மாதிரியின் தரவில் தீர்க்கரேகை 0 முதல் 360 வரை போகும். நார்மனுக்கு மைனஸ் 97.4 என்று கொடுத்து அருகிலுள்ள புள்ளியைக் கேட்டால், நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் பூஜ்யத்தை எடுக்கும். நார்மனின் அட்சரேகையில் அது அல்ஜீரியா. கேட்க வேண்டியது 262.6. அட்சரேகையும் வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். 30 முதல் 40 என்று வெட்டினால் வெற்றுத் தரவு வரும், 40 முதல் 30 என்று வெட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் நார்மன் போய்த்தான் பழக வேண்டும் என்றில்லை. வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் 43279 என்ற எண்ணைத் தேடினால் சென்னை மீனம்பாக்கத்தின் பலூன் தரவு கிடைக்கும். உலக நேரம் 00 என்பது நமக்குக் காலை 5:30. தாளில் கையால் வரைந்துவிட்டுத் தளத்தில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். பிற்பகலுக்குத் திருத்தும்போது மட்டும் நார்மன் பழக்கத்தை அப்படியே கொண்டுவர வேண்டாம்: சென்னையில் கடல்காற்று நுழைந்துவிட்டால் வெப்பநிலை ஏறுவது நின்று பனிப்புள்ளி ஏறும், இரண்டையும் மாற்றியாக வேண்டும்.