அரக்குப் பட்டும் அளவிடாத திரையும்

மும்பை மாதுங்காவில் நடந்த உறவினர் திருமணத்தில் நான் எடுத்த படங்களில், மணப்பெண்ணின் அரக்குநிறக் காஞ்சிப் பட்டு என் திரையில் அழகாகத் தெரிந்தும், அச்சாகி வந்த ஆல்பத்தில் கறுத்துப் போயிருந்தது. "புடவையையே மாத்திட்டியாடா?" என்றார் சித்தி. குற்றம் அச்சகத்தாருடையதன்று, திரையின் ஒளிர்வை முழுதாகக் கூட்டிவைத்துத் திருத்துபவன், படத்தைத் தேவைக்கு மேல் இருட்டாக்கிவிடுவது இயல்பே.

இப்போது திரையின் நிறத்தையும் ஒளிர்வையும் அளக்கும் கருவியைத் திரைமேல் பொருத்தி, வெண்மையை 6500 கெல்வினிலும், இடைப்பட்ட சாயல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமாவை 2.2இலும், ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவிலும் நிறுத்தி, அதிலிருந்து உருவாகும், திரை நிறங்களைக் காட்டும் விதத்தைக் கணினிக்குச் சொல்லும் கோப்பான ஐசிசி புரொஃபைலைக் கணினியில் நிறுவியிருக்கிறேன். அந்தக் கோப்பு அந்த ஒரு திரைக்கே உரியது. நண்பரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது, அடுத்தவரின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்வதைப் போன்றது. படத்துடன் செல்ல வேண்டியது வேறொன்று: 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி போன்ற பொது நிறவெளியின் (வரையறுக்கப்பட்ட நிறங்களின் தொகுப்பின்) புரொஃபைல். இன்னொரு நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் பச்சை நிறங்களுக்கு இடம் அதிகம்தான். ஆனால் புரொஃபைலைப் படிக்காத செயலியில் அந்தப் படம் வெளிறித் தெரியும்.

என் மேசை மேற்கு ஜன்னலோரம் இருப்பதால், மாலை வெயில் இறங்கும் வரை நிறத்தில் கை வைப்பதில்லை.