எழுதியிருந்தது 146, எடுத்தது 183

இதழுக்கு அனுப்பிய எங்கள் கட்டுரையின் மதிப்பாய்வாளர் கேட்டது பெரிய விஷயமே இல்லை. அட்டவணையின் முதல் வரியில் இருக்கும் சுசுகி வினைக்கு (போரானிக் அமிலத்தையும் புரோமின் சேர்மத்தையும் இணைப்பது) என்எம்ஆர் (விளைபொருள் எது, எவ்வளவு தூய்மை என்று காட்டும் நிறமாலை) மூலக் கோப்பை அனுப்ப வேண்டும், 78 சதவீத விளைச்சலை இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. சோதனைகளை எழுதிவைக்கும் என் மின்னணு நோட்புக்தான் காரணம். சரியாகச் சொன்னால், அதை நான் வைத்திருந்த லட்சணம்.

ஜூனியர் பெண்ணிடம் பக்கத்தைக் கொடுத்து வினையைப் போடச் சொன்னேன். 41 சதவீதம் வந்தது. மறுபடி போட்டாள், 43. "அக்கா, நீங்க எழுதினதை அப்படியேதான் செஞ்சேன்" என்றாள். நான் நம்பவில்லை, கை பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானே போட்டேன். 44.

அப்புறம்தான் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. 4-புரோமோஅனிசோல் 187 மி.கி., ஃபீனைல்போரானிக் அமிலம் 146 மி.கி., பொட்டாசியம் கார்பனேட் 276 மி.கி. இந்த அழகே சந்தேகப்பட வைத்தது. எல்லாம் கணக்குப் போட்டால் வரும் எடைகள். எந்தத் தராசில் எடுத்தாலும் மூன்று பொருளும் இப்படிக் கச்சிதமாக விழாது. கீழே குறிப்புப் பகுதியில் "4 மணி நேரத்தில் கரைசல் கரும்பழுபாக மாறியது" என்று இருந்தது. 'ப்' விட்டுப்போயிருக்கிறது. முந்தைய வாரப் பக்கத்தைத் திறந்தேன். அதே வாக்கியம், அதே இடத்தில் அதே பிழை.

குளோன் பொத்தான். பழைய பக்கத்தை நகலெடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன். திட்டமிட்ட அளவோடு 'உண்மையில் எடுத்த அளவு' என்ற கட்டமும், கண்ணால் பார்த்ததாக எழுதிய வரியும் கூடவே வந்துவிட்டன. உங்கள் நோட்புக் குளோன் செய்யும்போது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது என்று இன்றைக்கே ஒரு வெற்றுப் பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். எங்களுடையது எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

அப்படியானால் அன்றைக்கு நான் என்னதான் செய்தேன்? இதைத் துப்பறிய வேண்டியிருந்தது. எங்கள் தராசு சின்னச் சீட்டு அச்சடித்துத் தரும். அவற்றை நான் மேசை டிராயரில் போட்டுவைப்பேன், சோம்பலால்தான். பாதி மங்கிப்போன சீட்டு ஒன்று கிடைத்தது: 0.1832 கிராம், மாலை 5.10. பார்த்ததும் நினைவு வந்தது. அந்தப் போரானிக் அமில பாட்டில் திறந்து ரொம்ப நாளாகியிருந்தது. போரானிக் அமிலம் இருக்க இருக்க நீரை இழந்து போராக்சினாக மாறும், வினையின்போது போரானை உதிர்த்துவிட்டு வீணாகவும் போகும். அதனால் 1.2-க்குப் பதில் 1.5 ஈக்விவலென்ட் எடுத்தேன், அதாவது ஒரு மோல் புரோமோஅனிசோலுக்கு 1.5 மோல்; 146-க்குப் பதில் 183 மி.கி. சரியான முடிவு, எழுதவில்லை. வினை எவ்வளவு முடிந்தது என்று பார்க்கும் டிஎல்சி தகடுகளை போனில் படம் பிடித்திருந்தேன். கடைசிப் படத்தின் நேரம் இரவு 11.52. ஆக 4 மணி நேரம் இல்லை, கிட்டத்தட்ட 7.

என்எம்ஆர் கதை இன்னும் மோசம். நோட்புக்கில் இருந்தது பிடிஎஃப் படம் மட்டும். இதழ் கேட்பது எஃப்ஐடி கோப்புள்ள, அதாவது கருவி பதிவுசெய்த மூலத் தரவுள்ள முழு ஃபோல்டரை. சர்வரில் தேடினால் 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'டெஸ்ட்3', 'புதுடெஸ்ட்' என்று என் பெயரிலேயே பதினேழு. போதாததற்குக் கருவியின் கணினிக் கடிகாரம் வேறு ஒரு நாள் பின்தங்கி ஓடியிருக்கிறது. கடைசியில் காட்டிக்கொடுத்தது அழுக்குதான். பிடிஎஃப்பில் 4.12, 2.05, 1.26 பிபிஎம்மில் (நிறமாலையில் சிகரம் நிற்கும் இடம்) எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான் தெரிந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, அதே அழுக்கு அதே உயரத்தில் இருப்பதைத் தேடினேன். டெஸ்ட்3.

கிடைத்த சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. 3.85-இல் இருக்கும் விளைபொருளின் மெத்தாக்சி சிகரத்தை அதன் 3 ஹைட்ரஜனுக்கு 3 என்று வைத்தால், எத்தில் அசிட்டேட்டின் 3 ஹைட்ரஜனுக்கான 2.05 சிகரம் 0.60 காட்டியது. அதாவது ஒரு மோல் விளைபொருளுக்கு 0.2 மோல் எத்தில் அசிட்டேட். எடையில் கிட்டத்தட்ட 9 சதவீதம். 78 சதவீதத்துக்குக் கணக்காக நான் 144 மி.கி. என்று பெருமையாக எழுதியதில் கரைப்பானும் சேர்த்தி. உண்மையான விளைச்சல் 71 சதவீதம். வெற்றிடத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் இந்த அசிங்கம் வந்திருக்காது.

சரி, பக்கத்தைத் திருத்திவிடலாம் என்று போனால், பூட்டியிருந்தது. நான் கையெழுத்திட்டு, படித்துப் பார்த்ததாக இன்னொருவர் போடும் சாட்சிக் கையெழுத்தும் விழுந்த பக்கம். பூட்டைத் திறக்கச் சொல்லி நிர்வாகிக்கு மெயில் போட்டேன். ஒரே சொல்லில் பதில்: "முடியாது." காரணம் கேட்டேன், நான்கு நாள் பதிலே இல்லை. கொதித்துப் போனேன். பிறகு நேரில் போனபோதுதான், பின்னிணைப்பு என்று ஒரு வசதி இருப்பதையே சொன்னார். பழைய எண் அப்படியே தெரியும். புது எண், காரணம், தேதி எல்லாம் கீழே சேரும். இதை முதல் மெயிலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் திறக்க மறுத்தது சரிதான். அமெரிக்காவில் மருந்துத் துறைக்கு 1997-இல் வந்த 21 சிஎஃப்ஆர் பகுதி 11 விதியும் இதைத்தான் சொல்கிறது: மாற்றலாம், முன்பு எழுதியதை மறைக்கக் கூடாது.

அந்தச் சாட்சிக் கையெழுத்தின் வரலாற்றையும் பார்த்தேன். ஒரே மாலையில் என் 11 பக்கங்களுக்கு 2 நிமிடத்தில் கையெழுத்து. போட்டவரைத் திட்ட வாயே வரவில்லை. அவருடைய பக்கங்களுக்கு நானும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

இப்போது குளோன் செய்தால் முதல் வேலையாக எடுத்த அளவுக் கட்டங்களையும் குறிப்புப் பகுதியையும் காலி செய்துவிடுகிறேன். எடைச் சீட்டையும் பாட்டில் லேபிளையும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) தெரியப் படம் எடுத்து அன்றைக்கே ஏற்றுகிறேன். என்எம்ஆர் மாதிரிக்கு வினை எண்தான் பெயர், முழு ஃபோல்டரும் ஜிப்பாகப் பக்கத்தில் ஏறிவிடும். கையுறையோடு டைப் செய்ய முடியாதபோது துண்டுக் காகிதத்தில் கிறுக்கி, அந்தக் கிறுக்கலையே படம் எடுத்துப் போடுகிறேன்.

183 மி.கி., 7 மணி நேரம் என்று ஜூனியர் திரும்பவும் போட்டாள். நன்றாக உலர்த்திய பிறகு 70 சதவீதம். அட்டவணையில் 71 என்று மாற்றி, மூலக் கோப்பையும் சேர்த்து இதழுக்கு அனுப்பிவிட்டோம். அவளுடைய பக்கத்தைச் சாட்சிக்காகத் திறந்தேன், இந்த முறை வரி விடாமல் படித்தேன். போரானிக் அமிலத்துக்கு எதிரே எழுதியிருந்தாள்: "182.6 மி.கி. எடுத்தேன். அக்காவின் பக்கத்தில் 146 என்று இருக்கும், நம்ப வேண்டாம்."

கையெழுத்துப் போட்டேன்.